டப்ளினில் ஒரு சர்வகலாசாலை

கத்தோலிக்கத் திருச்சபை ஒரு சர்வகலாசாலையை நிறுவி நடத்துகிறது என்று கேள்விப்படும் சாமானிய மனிதர், அதன் நோக்கம் இரண்டிலொன்றாகத்தான் இருக்க வேண்டுமென்று ஊகித்துக்கொள்வது இயல்பு. தன் மக்களை விசுவாசத்தில் நிலைநிறுத்தவும் பிறரை அவ்விசுவாசத்தின் பக்கம் இழுக்கவும் திருச்சபை கைக்கொண்ட சாதனம் அது என்று சிலர் எண்ணுவர். ஆஸ்பத்திரியும் அநாதை விடுதியும் நடத்துகிறவர்கள், இளைஞர்களுக்குப் பிழைப்பு வழி காட்டுவதற்காக நடத்தும் மற்றுமொரு தர்மகாரியமே அது என்று வேறு சிலர் எண்ணுவர். இவ்விரண்டிலும் உண்மையின் அம்சம் இருக்கிறது. ஆயினும், இவ்விஷயத்தைப் பற்றிச் சென்ற இரு நூற்றாண்டுகளில் எவரினும் ஆழ்ந்து சிந்தித்தவரும், சிந்தித்ததைச் செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிக் காட்டத் தம் ஆயுளில் ஏழாண்டுகளைச் செலவிட்டவருமான ஜான் ஹென்றி நியூமன், இவற்றில் எதையும் சர்வகலாசாலையின் நேரான நோக்கமாக ஏற்க மறுத்துவிட்டார். மனிதனுடைய புத்தியைப் பண்படுத்துவதே அதன் பணி என்றும், அறிவு வேறெதற்கும் ஏவலாக நில்லாமல் தனக்கெனவே தேடத்தக்க பொருள் என்றும், அப்படிச் சொல்லும்போது தாம் திருச்சபையின் நன்மைக்கு விரோதமாக ஒன்றும் சொல்லவில்லை என்றும் அவர் வாதித்தார். அவர் குருவாக இருந்து, குருமார் நிறைந்த சபையில், மேற்றிராணிமார் அழைத்ததன்பேரில் இதைச் சொன்னார் என்பதை நினைக்கும்போதுதான் இதிலுள்ள துணிவு விளங்கும்.

நியூமன் 1801ஆம் ஆண்டு பெப்ருவரி 21ஆம் தேதி லண்டனில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் பயின்று, பட்டப் பரீட்சையில் எதிர்பார்த்த சிறப்பைப் பெறாதிருந்தும், அந்நாளில் கூர்த்த மதிக்குப் பேர்பெற்ற ஓரியல் கலாசாலையில் 1822ஆம் ஆண்டு அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பின்னர் அங்கேயே மாணாக்கர்களை மேற்பார்க்கும் ஆசிரியராகவும், சர்வகலாசாலைக் கோயிலாகிய அர்ச். மரியம்மாள் ஆலயத்தின் குருவாகவும் விளங்கியவர். ஆங்கிலிக்கன் சபையைப் பழைய அப்போஸ்தலிக்கப் பாரம்பரியத்துக்கு மீட்கவேண்டுமென்று 1833இல் எழுந்த ஆக்ஸ்போர்டு இயக்கத்துக்கு அவரே உயிர்நாடி. அந்த ஆராய்ச்சியே அவரைப் படிப்படியாக ரோமாபுரியின் பக்கம் கொண்டுசென்றது; 1845ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் தேதி, டொமினிக் பார்பேரி என்ற இத்தாலியத் துறவியின் கையால் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அந்நாளில் முப்பத்தொன்பது விதிகளடங்கிய ஆங்கிலிக்கன் விசுவாசப் பத்திரத்துக்குக் கையெழுத்திடாத எவரும் ஆக்ஸ்போர்டில் மாணாக்கராகவும் நுழைய இயலாது. ஆகவே தம் நெஞ்சுக்கு உண்மையென்று பட்டதன்பின் சென்ற நியூமன், இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தம்மை வளர்த்த கல்விச்சாலையைத் துறந்துதான் செல்லவேண்டியதாயிற்று. டப்ளினில் அவர் கனவு கண்ட சர்வகலாசாலையில் ஆக்ஸ்போர்டின் சாயல் எங்கும் படிந்திருந்ததற்கு இந்த இழப்பையே காரணமாக நான் கருதுகிறேன்.

அயர்லாந்தின் நிலைமையோ வேறு. ஜனத்தொகையில் மிகப் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். ஆனால் 1592ஆம் ஆண்டு முதல் டப்ளினில் இருந்துவந்த டிரினிட்டி கலாசாலை புரொட்டஸ்டண்டுகளின் கோட்டை. 1793 முதல் கத்தோலிக்கர் அங்கே பட்டம் பெறலாமென்று சட்டம் இடங்கொடுத்தும், அங்கத்தினர் பதவிகள் அவர்களுக்கு மூடியே கிடந்தன. இக்குறையைத் தீர்ப்பதாகச் சொல்லி ஆங்கில அரசாங்கம் 1845இல் ஒரு சட்டம் செய்து, பெல்பாஸ்ட், கார்க், கால்வே ஆகிய மூன்று நகரங்களில் ராணியின் பெயரால் கலாசாலைகளை ஏற்படுத்திற்று. எல்லா மதத்தினரும் சேர்ந்து படிக்கலாம். ஆனால் எந்த மதத்தின் சாஸ்திரமும் பாடத்தில் இடம்பெறாது. கடவுளற்ற கலாசாலைகள் என்று அவற்றுக்குப் பெயர் விழுந்தது. 1850ஆம் ஆண்டு தர்ல்ஸ் நகரில் கூடிய அயர்லாந்து மேற்றிராணிமார் சங்கம் அவற்றைக் கண்டித்தது. ரோமாபுரியும் அவற்றை விலக்கி, கத்தோலிக்கருக்கென்று தனியே ஒரு சர்வகலாசாலை வேண்டுமென்று தூண்டியது. அப்பணியை முன்னின்று நடத்திய அதிமேற்றிராணியார் பால் கல்லன், அதற்குத் தலைவராக இருக்குமாறு நியூமனை 1851இல் அழைத்தார். உருளைக்கிழங்குப் பயிரை நோய் தின்று, ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் மடிந்து, இன்னும் பல லட்சம் பேர் கப்பலேறி அந்நிய தேசம் போன காலம் அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட தேசத்திலே, ஏழை ஜனங்கள் கோயில் வாசலில் இட்ட காணிக்கையைக் கொண்டு, அறிவு தனக்கெனவே தேடத்தக்கது என்ற கொள்கையின்மேல் ஒரு சர்வகலாசாலை எழவேண்டியிருந்தது.

1852ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் தேதி திங்கட்கிழமை, டப்ளின் நகரத்து ரொட்டண்டா மண்டபத்தில் நியூமன் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அம்மாதமும் அடுத்த மாதத் தொடக்கமுமாக ஐந்து பிரசங்கங்கள் நடந்தன. எஞ்சியவற்றை எழுதி அச்சிட்டார். சர்வகலாசாலையைப் பற்றிய அவருடைய நூல் என்று இன்று உலகமெங்கும் பயிலப்படுவது, இப்பிரசங்கங்களுடன் பின்னாளில் எழுதிய கட்டுரைகளையும் சேர்த்து 1873இல் அவர் வெளியிட்ட பதிப்பாகும்.

அவர் எடுத்துக்கொண்ட முதற் கேள்வி, கடவுளைப் பற்றிய சாஸ்திரத்துக்குச் சர்வகலாசாலையில் இடமுண்டா என்பது. சேர்ந்திருந்தோரில் அநேகர் பக்தியை முன்னிட்டு உண்டு என்பர்; அவரோ பக்தியைத் துணைக்கு அழைக்காமல் தர்க்கத்தைக் கொண்டே அதை நிலைநாட்டினார். சகல வித்தைகளையும் கற்பிக்கும் இடம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஸ்தாபனம், அவற்றில் ஒன்றை வேண்டுமென்றே விலக்கி வைக்குமானால், ஒன்று, விலக்கப்பட்டது வித்தையே அன்று என்று அது ஒப்புக்கொள்ள வேண்டும். அல்லது தான் சர்வகலாசாலையே அன்று என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சிருஷ்டிகர்த்தா ஒருவர் இருப்பது உண்மையானால், அவ்வுண்மை மற்றெந்த உண்மையையும்விடச் சிறியதாக இருக்க முடியாது. அதைப்பற்றி ஒன்றும் அறியக்கூடாது என்று சொல்பவர், கடவுள் என்ற சொல்லுக்கு வெறும் மன உணர்ச்சி என்றே பொருள் கொள்கிறார். தேவசாஸ்திரத்தை ரசாயனத்தோடும் சரித்திரத்தோடும் ஒரே வரிசையில், நியாயமும் நிரூபணமும் உடைய அறிவுத்துறையாக அவர் நிறுத்தினார். அவநம்பிக்கையாளரை இது திடுக்கிடச் செய்தது போலவே, மதத்தை இதயத்தின் விவகாரமாக மட்டுமே கருதிய பக்தர்களையும் சற்றே திடுக்கிடச் செய்திருக்கும்.

இதனினும் நுட்பமானது அடுத்துவரும் வாதம். அறிவின் துறைகள் ஒன்றையொன்று பற்றி நின்று, ஒன்றையொன்று வரம்பு செய்து, ஒரே உண்மையின் பல பக்கங்களைக் காட்டுவன. அவற்றுள் ஒன்றை வெளியே தள்ளினால், அது இருந்த இடம் வெற்றிடமாகக் கிடப்பதில்லை. பக்கத்துத் துறைகள் தம் எல்லை தாண்டி அங்கே குடிபுகுந்து, தமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோலத் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடும். இதற்கு அவர் காட்டிய உதாரணம் பொருளாதார சாஸ்திரம். ஆக்ஸ்போர்டில் அச்சாஸ்திரத்துக்கு முதன்முதலாக ஏற்பட்ட ஆசிரிய பீடத்தில் அமர்ந்த நாஸோ சீனியர் தம் தொடக்கப் பிரசங்கத்தில், செல்வம் சேர்க்கும் முயற்சியே பெரும்பாலான மனிதரின் ஒழுக்க முன்னேற்றத்துக்குத் தலையாய காரணம் என்ற கருத்தை வெளியிட்டிருந்தார். நியூமன் இதைப் பிடித்துக்கொண்டார். செல்வம் எவ்வாறு பெருகும், எவ்வாறு குறையும் என்று பொருளாதார நிபுணர் சொல்லும்போது நாம் கைகட்டிக் கேட்போம். அது அவர் துறை. செல்வத்தைத் தேடத்தான் வேண்டுமா, எவ்வளவு தேடவேண்டும், தேடினவன் நல்லவனாகிறானா என்று அவர் சொல்லத் தொடங்கும்போது, அவருடைய சாஸ்திரம் அதற்கு அதிகாரம் தரவில்லை. அவர் வஞ்சகர் அல்லர். தம் துறையிலேயே மூழ்கியிருப்பதால் அதுவே உலகமாய்த் தோன்றுகிறது, அவ்வளவுதான். அருகே வேறொரு சாஸ்திரம் உட்கார்ந்து, இந்தக் கேள்வி என்னுடையது என்று சொல்லியிருந்தால் அவர் தாமே தம் எல்லையை உணர்ந்திருப்பார். சந்தையின் விதிகளைச் சொல்லும் நூலைக் கையில் வைத்துக்கொண்டு பசித்தவனுக்கு என்ன செய்யலாம் என்று தீர்ப்பளித்தவர்களின் நாட்டாண்மையை அனுபவித்திருந்த அயர்லாந்திலே இது பேசப்பட்டது என்பதை வாசகர் மறக்கலாகாது. நம் காலத்திலோ அந்த நாற்காலியில் உட்காரும் துறைகள் அதிகம். மூளையின் கூறுகளை ஆராய்பவர் அன்பு என்பது இவ்வளவுதான் என்கிறார். கணக்கிடும் யந்திரங்களைச் செய்பவர் மனிதன் என்பவன் இவ்வளவுதான் என்கிறார். நியூமனுடைய வாதம் இன்னும் பழசாகவில்லை.

தேவசாஸ்திரத்தின் இடத்தை இவ்வாறு நிலைநாட்டியபின், சர்வகலாசாலையின் நோக்கம் பக்தியை வளர்ப்பது என்று அவர் முடிப்பார் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர். அவர் அங்கே திரும்பவில்லை. மேனாட்டார் லிபரல் கல்வி என்று வழங்கும், எந்த ஒரு தொழிலுக்கும் நேரே பழக்காமல் புத்தியை அதன் சொந்த நிறைவுக்காகவே பயிற்றும் கல்வியை, அவர் எடுத்து விளக்கத் தொடங்கினார். அக்கல்வியினால் கிடைப்பது செய்திகளின் குவியலன்று. கடலோடிகள் உலகத்தைச் சுற்றி வருகிறார்கள். மகா நகரங்களையும் காட்டு ஜனங்களையும், தெற்கையும் வடக்கையும் மாறிமாறிக் காண்கிறார்கள். ஆயினும் கண்டவற்றுள் ஒன்றோடொன்றைத் தொடர்புபடுத்திப் பார்க்கப் பழகாதவர்களுக்கு அவை யாவும் வந்துபோகும் காட்சிகளாகவே இருந்துவிடுகின்றன என்பது அவர் தரும் திருஷ்டாந்தம். நிரம்பப் படித்தும் இந்தக் கடலோடியின் நிலையிலேயே நிற்பவர் உண்டு. படித்த ஒவ்வொன்றையும் முன்பு அறிந்தவற்றோடு ஒப்பிட்டு, எது பெரிது, எது சிறிது, எது காரணம், எது காரியம், எது இங்கே பொருந்தும், எது பொருந்தாது என்று தராதரம் காணும் மனப்பழக்கம் ஒன்று உண்டு. அமைதி, நிதானம், நடுவுநிலைமை, விவேகம் ஆகியவை அதன் அடையாளங்கள். நியூமனுக்குச் சர்வகலாசாலையின் பயன் இந்த மனப்பழக்கமே. பரீட்சைக்காகப் பத்துப் பன்னிரண்டு விஷயங்களை இளைஞன் தலையில் ஒருங்கே திணிக்கும் வழக்கம் அவர் நாளிலேயே தொடங்கியிருந்தது. அதை அவர் கடுமையாகவே கண்டித்தார்.

இதனால் என்ன பிரயோஜனம் என்ற கேள்வி அன்றும் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடின்பரோ ரெவ்யூ என்ற பத்திரிகை, ஆக்ஸ்போர்டின் கல்வி ஒரு காசுக்கும் உதவாதென்று தாக்கியதும், ஓரியலின் எட்வர்டு கோபிள்ஸ்டன் அதற்கு மறுமொழி எழுதியதும் நியூமன் தம் இளமை முதல் அறிந்தவை. அவர் தரும் விடை தேக ஆரோக்கியத்தை ஒட்டியது. ஆரோக்கியம் ஒரு வேலைக்கும் உரிய கருவியன்று. அதனால் என்ன செய்யப்போகிறாய் என்று ஆரோக்கியமுள்ளவனை எவரும் கேட்பதில்லை. அது தானே ஒரு நன்மை. ஆயினும் நோயாளியால் செய்யமுடியாத எத்தனையோ வேலைகளை ஆரோக்கியமுள்ளவன் செய்துவிடுகிறான். புத்தியின் நிலையும் இத்தகையதே. பண்பட்ட புத்தியுடையவன் உடனடியாக வக்கீலோ வைத்தியனோ ஆகிவிடுவதில்லை. ஆனால் எந்தத் தொழிலில் கைவைத்தாலும் அதில் தெளிவோடும் சுலபத்தோடும் தேர்ச்சி அடைகிறான். தன் தொழிலுக்கு அப்பாலும் உலகம் உண்டென்று அறிந்தவனாகவும் இருக்கிறான். தொழிற்கல்வியை நியூமன் இகழ்ந்தார் என்று சொல்வோர், டப்ளினில் அவர் முதன்முதலாக ஊன்றி வளர்த்தவற்றுள் வைத்தியக் கல்லூரியும் ஒன்று என்பதை அறியாதவர்.

இனி வருவதே என் நோக்கில் அப்பிரசங்கங்களின் சிகரம். இத்தனை உயர்வாகப் புகழ்ந்த அக்கல்வி மனிதனைப் புண்ணியவானாக்குமா என்று கேட்டு, ஆக்காது என்று அவரே விடை சொன்னார். மனத்தின் நயத்தையும், பிறர் மனம் நோகாமல் பழகும் இங்கிதத்தையும், நியாய புத்தியையும் அது தரும், அவை போற்றத்தக்கவை, ஆனால் அவை பரிசுத்தம் அல்ல, மனச்சாட்சியும் அல்ல. ஆசையும் ஆங்காரமும் பொங்கி எழும்போது படிப்பு அணைபோட்டுத் தடுக்கும் என்று நம்புகிறவன் ஏமாந்துபோவான். நாலாம் நூற்றாண்டில் ஆதென்ஸ் நகரத்துக் கல்விச்சாலையில் பசிலியாரும் ஜூலியனும் ஒரே காலத்தில் கற்றார்கள். ஒருவர் திருச்சபையின் வேதபாரகரும் அர்ச்சிஷ்டருமானார், மற்றவர் கிறிஸ்தவத்தைத் துறந்து அதைப் பரிகசித்த சக்கரவர்த்தியானார். இருவருக்கும் கல்வி ஒன்றே. பண்பு நிரம்பிய கனவானின் சித்திரம் ஒன்றை அவர் அங்கே வரைந்திருக்கிறார். ஆங்கில வசனத்தில் புகழ்பெற்ற அப்பகுதியைத் தனியே எடுத்துப் படிப்பவர்கள் அதையே நியூமனின் லட்சிய புருஷன் என்று கொண்டாடுகிறார்கள். அவர் அதை வரைந்ததோ, கடவுளை அறியாமலும் இவ்வளவு அழகு கைகூடும் என்று காட்டி, அழகை அருளென்று மயங்காதீர்கள் என்று எச்சரிப்பதற்காக.

அப்படியானால் திருச்சபைக்கு இந்தக் கல்வியினால் ஆவதென்ன? ஏழைகளின் காணிக்கையை ஏன் இதில் கொட்ட வேண்டும்? புத்தி கடவுள் தந்தது. கடவுள் தந்த எதுவும் தன் இயல்புக்குரிய நிறைவை அடைவது நன்மையே. அந்த நன்மைக்கு வேறு சமாதானம் தேடவேண்டியதில்லை. இதுவே நியூமனுடைய நிலைப்பாட்டின் அடித்தளம் என்று நான் உணர்கிறேன். அறிவைப் பக்திக்கு வேலைக்காரியாக மட்டும் வைத்துக்கொள்ளும் மதம், படைப்பின் மேலேயே நம்பிக்கையற்ற மதம். புத்தியை வணங்கும் மதமோ அதைவிட அபாயமானது; அந்த அபாயத்துக்காகவே திருச்சபை சர்வகலாசாலைக்குள் தன் பிரசன்னத்தை வைத்திருக்க வேண்டுமென்றும் அவர் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வல்லவர் அரிது.

இக்கொள்கையிலிருந்து அவர் இறக்கிய முடிவுகள் அக்காலத்துக் குருமார் சிலருக்கு உவப்பாக இருந்திரா. இலக்கியத்தை வடிகட்டித்தான் மாணாக்கருக்குத் தரவேண்டும் என்றவர்களுக்கு, இலக்கியம் என்பது மனிதனுடைய சரித்திரம், மனிதன் பாவி, ஆகவே பாவக்கறை படியாத இலக்கியத்தை எதிர்பார்ப்பது வீண் என்று அவர் மறுமொழி கூறினார். சர்வகலாசாலை குருமடமும் அன்று, கன்னியர் மடமும் அன்று. உலகத்தில் வாழப்போகிறவர்களை உலகத்துக்காக ஆயத்தம் செய்யுமிடம். மகா கவிகளை ஆசிரியரின் துணையோடு இங்கே படிக்கவிடாமல் தடுத்தால், பட்டம் பெற்று வெளியேறிய மறுநாளே இளைஞன் துணையின்றித் தெருவில் எல்லாவற்றையும் படித்துக்கொள்வான். அப்பொழுது அந்தத் தெருவே அவனுக்குச் சர்வகலாசாலை. விஞ்ஞான ஆராய்ச்சியைப் பற்றி 1855இல் எழுதிய உரையிலும் இதே தைரியம் தெரிகிறது. ஆராய்ச்சியாளன் ஒவ்வோர் அடிக்கும் திரும்பி, நான் சொல்வது வேதத்துக்கு ஒத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஆராய்ச்சி நடவாது. தன் துறையின் எல்லைக்குள் அவன் தடுமாறவும் தவறவும் இடம் வேண்டும். உண்மை உண்மையோடு முரணாது என்ற உறுதியுள்ளவன் அவசரப்பட மாட்டான். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பாரிஸ் நகரத்தில் அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களைப் பாடம் சொல்லக்கூடாதென்று 1210இல் தடை பிறந்ததும், 1255க்குள் அந்நூல்களே கலைப்பிரிவின் பாடத்திட்டமாய்விட்டதும், அவற்றை அஞ்சாமல் கற்று விசுவாசத்தோடு இணக்கிக் காட்டிய அக்குவினா தோமையாரைத் திருச்சபை தன் தலைசிறந்த ஆசானாக ஏற்றதும் நியூமனுக்கு முன்னோடியான சரித்திரம்.

1854ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி, டப்ளின் ஸ்டீபன்ஸ் கிரீன் மைதானத்தை நோக்கிய 86ஆம் எண் மாளிகையில், இருபது பேர் அளவிலான மாணாக்கரோடு கத்தோலிக்க சர்வகலாசாலை திறக்கப்பட்டது. மாணாக்கர் சிறுசிறு விடுதிகளில், ஒரு தலைவரின் கீழ், தம் வயதுக்குச் சற்றே மூத்த துணையாசிரியர்களோடு கூடி வாழ ஏற்பாடு செய்தார் நியூமன். ஹார்க்கோர்ட் தெருவிலிருந்த ஒரு விடுதிக்குத் தாமே தலைவராக இருந்தார். பரீட்சை மட்டும் நடத்திப் பட்டம் தரும் சர்வகலாசாலை ஒன்றும், பாடமோ பரீட்சையோ இன்றி இளைஞர்களைச் சில ஆண்டுகள் கூடிவாழ மட்டும் விடும் சர்வகலாசாலை ஒன்றும் இருந்து, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் தாம் பின்னதையே தேர்வேன் என்று பிரசங்கத்திலே சொன்னவர் அவர். தகுதி மிக்க ஆசிரியர்களைத் தேடிச் சேர்த்தார். அவர்களில் பெரும்பாலோர் குருமார் அல்லர், இல்லறத்தார். அயர்லாந்தின் பழைய ஏட்டுச்சுவடிகளை ஆயுள் முழுதும் ஆராய்ந்த யூஜின் ஓ'கரி என்ற பண்டிதருக்குச் சரித்திர ஆசிரிய பீடம் தந்து, அவர் பிரசங்கங்களுக்குத் தாமே சென்று உட்கார்ந்து கேட்டார். 1861இல் நூலாக வெளிவந்த அப்பிரசங்கங்கள் அயர்லாந்து மொழியாராய்ச்சிக்கு அடிப்படையாயின. ஜான் ஹங்கர்போர்டு போலன் வரைந்த திட்டப்படி சர்வகலாசாலைக் கோயிலும் 1856இல் எழுந்து, இன்றும் அதே மைதானத்தின் ஓரத்தில் நிற்கிறது.

ஆனால் ஸ்தாபனம் ஓங்கவில்லை. அரசாங்கம் சாசனம் வழங்க மறுத்ததால் அது தரும் பட்டத்துக்குச் சட்ட மதிப்பில்லை. மதிப்பில்லாத பட்டத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப நடுத்தரக் குடும்பத்தார் தயங்கினர். வைத்தியக் கல்லூரி மட்டும் தழைத்தது. அதன் மாணாக்கர் ஏற்கனவே அங்கீகாரம் பெற்ற வைத்திய சபைகளின் பரீட்சை எழுதித் தொழில் செய்ய முடிந்ததே அதற்குக் காரணம். மேற்றிராணிமாரிடையே ஒற்றுமையில்லை. கணக்கு வழக்குகளை மேற்பார்க்க இல்லறத்தார் அடங்கிய குழு வேண்டுமென்று நியூமன் வேண்டியதற்கு அவர்கள் இணங்கவில்லை. கல்லன் அதிமேற்றிராணியார் விரும்பியது, கத்தோலிக்க இளைஞர்களைக் கலப்புக் கல்வியின் அபாயத்திலிருந்து காக்கும் பத்திரமான மதில். நியூமன் கட்டியதோ ஜன்னல்கள் பல வைத்த வீடு. இருவரும் நல்லவர்கள், இருவர் நோக்கமும் ஒன்றல்ல. அவருக்கு மேற்றிராணியார் பட்டம் அளிக்கப்படும் என்ற செய்தி 1854இல் பரவிப் பின் ஓசையின்றி அடங்கியது. 1858இல் அவர் பதவியை விட்டு விலகினார்.

அதன் பின்னைய சரித்திரம் விரைவில் சொல்லக்கூடியது. 1883இல் சேசு சபையார் அதை ஏற்று நடத்தினர். ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் என்ற கவிஞர் அங்கே கிரேக்கம் கற்பித்தார். ஜேம்ஸ் ஜாய்ஸ் அங்கே படித்தார். 1908ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது அயர்லாந்து தேசிய சர்வகலாசாலையின் அங்கமாகி, வேண்டிய அங்கீகாரத்தைப் பெற்றது. அதே சட்டம் தேவசாஸ்திரத்துக்கு அரசாங்கப் பணம் செலவிடப்படக் கூடாதென்றும் விதித்தது. நியூமன் எதற்காக முதல் பிரசங்கங்களையெல்லாம் செலவிட்டாரோ அது வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. அவரைத் திருச்சபை 1879இல் கர்தினாலாகவும், 2019இல் அர்ச்சிஷ்டராகவும், 2025இல் வேதபாரகராகவும் உயர்த்தியிருக்கிறது. அவருடைய கருத்தின் எதிரொலியை 1967இல் அமெரிக்கக் கத்தோலிக்கக் கல்வித் தலைவர்கள் லேண்ட் ஓ' லேக்ஸ் என்னுமிடத்தில் கூடி வெளியிட்ட சுதந்திரப் பிரகடனத்திலும் கேட்கலாம். அச்சுதந்திரம் கத்தோலிக்க அடையாளத்தைக் கரைத்துவிடலாகாதென்று 1990இல் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் வெளியிட்ட சாசனத்திலும் கேட்கலாம். இருதரப்பாரும் நியூமனைத் தம்மவர் என்றே உரிமை கொண்டாடுகிறார்கள். அவரோ இரண்டு பாதிகளையும் பிரிக்காமல் பிடித்தவர்.

தமிழ்நாட்டில் கத்தோலிக்கக் கலாசாலைகளில் பயில்வோரில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர் அல்லர் என்பதால், இக்கல்வி எவருக்காக என்ற கேள்வி இங்கே இன்னும் கூர்மை பெறுகிறது. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்த அர்ச். சூசையப்பர் கலாசாலையில், ராமேசுவரத்திலிருந்து வந்து தங்கிப் படித்து 1954இல் பௌதிகத்தில் பட்டம் பெற்றார் அப்துல் கலாம். இஸ்லாமிய நெறியில் வளர்ந்த அவர், விடுதிப் பொறுப்பிலிருந்த குரு ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு மாணாக்கனையும் வந்து பார்த்துச் செல்வதையும், கடைசி ஆண்டில் டால்ஸ்டாய், ஸ்காட், ஹார்டி முதலியோரின் இலக்கியத்தில் தமக்குச் சுவை பிறந்ததையும் தம் சுயசரிதையில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். பௌதிக மாணாக்கனுக்கு டால்ஸ்டாய் எதற்கு என்று எவரும் அங்கே தடுக்கவில்லை. அவர் மதம் மாறவில்லை. மாற்றுவதற்காக அவருக்குக் கல்வி அளிக்கப்படவும் இல்லை. நியூமன் சொன்ன நோக்கம் நிறைவேறியதற்கு இதைவிடத் தெளிந்த சாட்சியத்தை நான் தேட வேண்டியதில்லை.

வசதியுள்ளவனுக்கல்லவோ இந்தக் கல்வி என்று ஓர் ஆட்சேபம் எஞ்சியிருக்கிறது. அதில் வலு உண்டு. ஆக்ஸ்போர்டில் ஓய்வும் சொத்தும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்த்ததை, பஞ்சம் தாண்டி வந்த டப்ளின் குடும்பங்களிடம் நியூமன் எதிர்பார்த்தது அவர் தோல்விக்கு ஒரு காரணமே. வயல் விற்றுப் பீஸ் கட்டும் தகப்பன் வேலை கிடைக்குமா என்று கேட்பதை அற்ப புத்தி என்று எவரும் பழிக்கலாகாது. ஆனால் நியூமன் அந்த ஆட்சேபத்துக்குச் செயலில் ஒரு மறுமொழி தந்திருக்கிறார். பகலெல்லாம் வேலை செய்து பிழைக்கும் இளைஞர்களுக்காக அவர் மாலை வகுப்புகள் ஏற்படுத்தினார். பதவி விலகும் 1858ஆம் ஆண்டிலே அந்த வகுப்பு மாணாக்கருக்கு அவர் நிகழ்த்திய உரை அவர் நூலில் இடம்பெற்றிருக்கிறது. அவர்களுக்கென்று அவர் தரத்தைத் தாழ்த்தவில்லை. குமாஸ்தா வேலைக்கு உதவும் பாடம் இதுவென்று ஆசைகாட்டவும் இல்லை. ஆயிரம் பிரசங்கங்களைக் கேட்டும் ஆயிரம் புத்தகங்களைப் படித்தும் ஒருவன் இருந்த இடத்திலேயே இருந்துவிடக்கூடும் என்று எச்சரித்து, கேட்டதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் எதிர்சென்று பிடித்துக் கொள்ளவும், ஆசிரியரோடு சம்பாஷிப்பவர்களாகவே பாடத்தில் அமரவும் அவர்களைத் தூண்டினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளிடம் எதை எதிர்பார்த்தாரோ அதையே பகல் வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருந்த அந்த இளைஞர்களிடமும் அவர் எதிர்பார்த்தார்.